ஓய்ந்துபோன ஓபன் சோர்ஸ் திட்டத்தை என்ன செய்வது?

"அந்த ரெப்போவை எடுக்காதே, அது செத்துப்போச்சு." கொழும்பில் மென்பொருள் வேலை நடக்கும் எந்த அலுவலகத்திலும் இந்த வசனம் காதில் விழும். ஏன் என்று கேட்டால், கடைசியாக அதில் யாரோ கைவைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பார்கள். வேறு காரணம் இராது. அதே ஆள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு மென்பொருளைப் பற்றிப் பேசும்போது, "ஓபன் சோர்ஸ்தானே, எங்கேயாவது ஒருத்தன் பார்த்துக்கொள்வான்" என்றும் சொல்வார். முதலாவது அவசரத் தீர்ப்பு, இரண்டாவது அசட்டு நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு திட்டம் ஓய்ந்துவிட்டதென்று எதை வைத்துச் சொல்வது, அதற்குப் பிறகு அதை எழுதியவர் என்ன செய்யலாம், அதை நம்பியிருப்பவர் என்ன செய்யலாம் என்பவைதான் விஷயம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் வாசிக்கலாம்.

## முதலில் நாலைந்து சொற்கள்

நிரலாளர் எழுதிய வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். அதை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுத்தில் அனுமதி தருவது உரிமம். அப்படியோர் உரிமத்தோடு வெளிவரும் மென்பொருள் ஓபன் சோர்ஸ். நிரலையும், அதில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாற்றையும் சேர்த்து வைத்திருக்கும் இடம் ரெப்போ; பெரும்பாலும் கிட்ஹப் போன்ற தளங்களில் இருக்கும். அந்த வரலாற்றில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கொமிட். யாருடைய மாற்றத்தை ஏற்பது, புதிய பதிப்பை எப்போது வெளியிடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் பராமரிப்பாளர்.

இந்தப் பராமரிப்பாளர் ஒரு கம்பனி என்று பலர் நினைக்கிறார்கள். ஏராளமான திட்டங்களில் அவர் ஒரே ஓர் ஆள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறப்பவர். அவருக்கு வேலை மாறலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம், சலித்தும் போகலாம். திட்டங்கள் ஓய்வதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

இது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய சஹானா, பின்னர் பல நாடுகளின் பேரிடர்களில் பயன்பட்டது. 2006 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. கூகுள் நடத்தும் கோடைகால ஓபன் சோர்ஸ் நிகழ்ச்சியின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம்முடைய மொரட்டுவை. இவ்வளவு பேர் எழுதினால், எழுதிவிட்டு நகர்ந்தவர்களும் அதற்கேற்ற அளவில் இருப்பார்கள்தானே.

## வெள்ளவத்தையில் ஒரு பூட்டிய வீடு

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எந்தத் தொடர்மாடியை எடுத்தாலும் இரண்டு மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் டொரொன்டோவிலோ லண்டனிலோ இருப்பார். கதவு பூட்டியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அந்த வீட்டைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டின் திறப்பு கீழ்மாடி அன்ரியிடம் இருக்கும். அவர் மாதத்துக்கு ஒருமுறை போய் யன்னல்களைத் திறந்து விட்டு, குழாய்களைப் பார்த்து, தொடர்மாடிப் பராமரிப்புக் காசையும் கட்டிவிட்டு வருவார். இன்னொரு வீட்டின் திறப்பு யாரிடம் என்பதே யாருக்கும் தெரியாது. குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்த பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் இரண்டு கதவும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

கொமிட் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று சொல்வது, தாழ்வாரத்தில் நின்று கதவைப் பார்த்துச் சொல்வது. உண்மையில் கேட்க வேண்டியவை வேறு. உள்ளே ஏதாவது பழுதாகிக்கொண்டிருக்கிறதா? திறப்பு யாரிடம்? ஒழுகினால் யாருடைய கூரை நனையும்?

ஒரு வித்தியாசத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டைக் கொப்பி எடுக்க முடியாது. ஓபன் சோர்ஸ் திட்டத்தை முழுதாகக் கொப்பி எடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் தொடரலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

## முடிந்த திட்டமும் கைவிட்ட திட்டமும்

சில மென்பொருட்கள் ஓய்ந்திருப்பதற்குக் காரணம், அவற்றில் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது என்பதுதான். கணித நூல்களையும் ஆய்வேடுகளையும் அச்சுக்கோக்கப் பயன்படும் டெக் என்ற மென்பொருள் இதற்குச் சிறந்த உதாரணம். அதை எழுதிய டொனால்ட் குனூத் 1990களின் தொடக்கத்திலேயே புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சேர்ந்திருக்கும் பிழை அறிக்கைகளை எடுத்து வைத்துத் திருத்துவார். ஒவ்வொரு திருத்தப் பதிப்பிலும் பதிப்பு எண், வட்டக் கணிதத்தில் வரும் பை (π) என்ற எண்ணின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நகரும். 2014 இல் 3.14159265, அடுத்தது 2021 இல் 3.141592653. தன் மரணத்துக்குப் பிறகு பதிப்பு எண் பையாகவே நிலைக்க வேண்டும், அப்போது மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் அம்சங்களாகிவிடும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஏழு வருடம் ஒரு பதிப்பும் இல்லை. யாரும் டெக் செத்துப்போச்சு என்று சொல்லவில்லை.

நம் ஊர் உதாரணம் ஒன்றும் இருக்கிறது. கொழும்பின் தமிழ் அச்சகங்களில் இன்றைக்கும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணக் காட், மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எல்லாமே பாமினிதான். ஆனால் அதே விஷயம் பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ போக வேண்டுமென்றால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடாக மாற்ற வேண்டும். அதைச் செய்யும் சிறிய மாற்றிகள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை.

இந்த மாற்றி உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பாமினியில் 'கொ' என்று எழுத, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று தட்டு. யூனிகோடோ எழுத்தின் ஒழுங்கில் சேமிக்கிறது: முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. ஆகவே மாற்றி, கொம்பைப் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ளி, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். 'கெ', 'கே', 'கை', 'கௌ' எல்லாவற்றுக்கும் இப்படி விதிகள் உண்டு. இவற்றை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பாமினி இனி மாறப்போவதில்லை. யூனிகோடும், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தைப் பிறகு நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்ற கொள்கையை வைத்திருக்கிறது. இரண்டு கரையும் அசையாமல் நின்றால் நடுவில் போட்ட பாலம் ஏன் அசைய வேண்டும்?

ஓர் அச்சகத்தில் பழைய மாற்றி ஒன்றைப் பார்த்துவிட்டு, புதிதாக ஏதாவது போட்டுத் தரவா என்று கேட்டேன். "தம்பி, பத்து வருசமா இதைத்தான் பாவிக்கிறம், ஒரு எழுத்துப் பிழைச்சதில்லை. ஏன் மாத்தோணும்?" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது சரியான கேள்வி.

மூன்றாவது வகையும் உண்டு: இனி வளராது, ஆனால் கைவிடவும் இல்லை என்று சொந்தக்காரரே அறிவித்த திட்டங்கள். இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் திகதிகளைக் கையாளும் மொமென்ட் இப்படித்தான். அது ஒரு நூலகம், அதாவது பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ள எழுதிய ஆயத்த நிரல். அது இன்னமும் பரவலாகப் பாவனையில் இருந்தபோதே, 2020 செப்டெம்பரில் அதன் குழு, இது பழைய தலைமுறைத் திட்டம், பராமரிப்பு மட்டும் நடக்கும், புதிதாகத் தொடங்குபவர்கள் வேறொன்றை எடுங்கள் என்று எழுதி, மாற்று நூலகங்களின் பெயர்களையும் கொடுத்தது. தன் போட்டியாளர்களைத் தானே சிபாரிசு செய்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

சுருக்கமாக: கொமிட் வரவில்லை என்பது ஓர் அறிகுறி மட்டும். வேலை முடிந்ததால் வரவில்லையா, பராமரிப்பு நிலைக்குப் போனதால் வரவில்லையா, ஆளே இல்லாததால் வரவில்லையா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு.

## தொடாத நிரல் எப்படிப் பழுதாகிறது?

இரும்பு துருப்பிடிக்கும், நிரல் வெறும் எழுத்துத்தானே, அது எப்படிப் பழுதாகும் என்று புதியவர்கள் கேட்பார்கள். நிரல் அப்படியே இருக்கிறது. அது நிற்கும் தரை நகர்கிறது.

அந்த மாற்றியையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் அதை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார், இன்னொருவர் பைதன் என்ற நிரல் மொழியின் பழைய தலைமுறையான பைதன் 2 இல் எழுதினார் என்று வைப்போம். விதிகள் ஒன்றுதான். உலாவிகள் பழைய இணையப் பக்கங்களை உடைக்காமல் இருப்பதில் மிகக் கவனமாக இருப்பவை என்பதால், முதலாவது இன்றைக்கும் ஓடும். பைதன் 2 க்கோ 2020 சனவரி 1 ஆம் திகதியோடு ஆதரவு முடிந்தது. புதுக் கணினியில் பைதன் 3 தான் இருக்கும். பைதன் 2 இல் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய அச்சிடும் கட்டளை, பைதன் 3 இல் இலக்கணப் பிழை; நிரல் ஓடத் தொடங்கும் முன்னரே நின்றுவிடும். எழுத்துகளைக் கையாளும் முறையும் இரண்டிலும் வேறு, அது தமிழுக்கு நேரடியாகவே இடிக்கும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரலில் ஒன்று முடிந்த திட்டம், மற்றது ஓடாத திட்டம்.

இப்படி ஒரு நிரல் தன் வேலைக்கு நம்பியிருக்கும் பிறருடைய நிரலை டிபென்டன்சி என்பார்கள். இன்றைய சாதாரண இணையச் செயலி ஒன்று நேரடியாகச் சிலதையும், அவை வழியாக நூற்றுக்கணக்கானவற்றையும் நம்பியிருக்கும். அந்தச் சங்கிலியில் எங்கோ ஓர் ஓய்ந்த திட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். தொடர்மாடியில் யாருடைய குழாய் உங்கள் கூரைக்கு மேல் போகிறது என்று யாருக்குத் தெரியும்!

பாதுகாப்பு ஓட்டை இதைவிடப் பொல்லாதது. நிரலில் இருக்கும் ஒரு பிழை, வெளியாள் உள்ளே நுழைய வழிவிட்டால் அது பாதுகாப்பு ஓட்டை. அது முதல் நாளிலிருந்தே இருக்கும். யாராவது கண்டுபிடிக்கும் நாளில்தான் ஆபத்தாகும். ஜாவா என்ற நிரல் மொழியின் உலகில் எல்லோரும் பாவித்த லொக்4ஜே நூலகத்தின் முதலாம் தலைமுறைக்கு 2015 ஓகஸ்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஏராளமான நிறுவனங்கள் அதையே வைத்திருந்தன. 2021 டிசம்பரில் இரண்டாம் தலைமுறையில் பெரிய ஓட்டை வெளிப்பட்டு உலகமே பதறியபோது, அதற்குச் சில நாட்களில் திருத்தம் வந்தது. அதே நாட்களில் முதலாம் தலைமுறையிலும் ஓர் ஓட்டை பதிவானது. அதற்கு வந்த பதில்: இது முடிந்த திட்டம், திருத்தம் வராது, இரண்டுக்கு மாறுங்கள். ஆறு வருட அவகாசம் இருந்தும் மாறாதவர்கள் அந்த நத்தார் விடுமுறையை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, வலையமைப்பைத் தொடாத, வெளியாரின் தரவை வாங்காத, அசையாத தரையில் நிற்கும் சின்ன நிரல் பல வருடம் தூங்கலாம். இணையத்தை நோக்கிக் கதவு வைத்திருக்கும் நிரல் ஒரு வருடம் தூங்கினாலே கவலைப்பட வேண்டும். எத்தனை மாதம் என்ற எண்ணை விட அந்த நிரல் எங்கே நிற்கிறது என்பதுதான் கனமான கேள்வி.

## திறப்பு யாரிடம்?

திறப்பு என்று நான் சொல்வது, ரெப்போவை மாற்றும் அனுமதி, பதிப்பை வெளியிடும் கணக்கு, திட்டத்தின் டொமைன் பெயர் (இணைய முகவரி) ஆகிய மூன்றையும். ஓய்ந்த திட்டங்களில் இவை மறந்துபோன இடங்களில் கிடக்கும். சிடிஎக்ஸ் என்ற சிறிய பைதன் நூலகத்துக்கு 2014 க்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. அதன் சொந்தக்காரரின் மின்னஞ்சல் அவருடைய சொந்த டொமைனில் இருந்தது. அந்த டொமைன் காலாவதியாகிவிட்டது. 2022 மே மாதத்தில் வேறொருவர் அதை விலைக்கு வாங்கி, அந்த முகவரிக்கே கடவுச்சொல் மாற்றும் கடிதத்தை வரவழைத்து, கணக்கைக் கைப்பற்றி, கணினிகளின் இரகசியத் தகவல்களைத் திருடும் பதிப்பை ஏற்றிவிட்டார். யாரும் வராத வீட்டுக்குத் திருடன் புதுத் திறப்பே செய்துகொண்டான்.

பெரிய அமைப்புகள் இதை ஊகத்துக்கு விடாமல் விதியாக எழுதி வைத்திருக்கின்றன. பைதன் நூலகங்கள் வெளியாகும் பொதுத் தளமான பொதிக் களஞ்சியத்தில் ஒரு திட்டம் கைவிடப்பட்டது என்று ஏற்க மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும்: சொந்தக்காரரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, பன்னிரண்டு மாதமாகப் பதிப்பு இல்லை, திட்டத்தின் பக்கத்திலும் அவருடைய நடமாட்டம் இல்லை. தொடர்புகொள்வதென்றாலும் ஒரு மின்னஞ்சலோடு கை கழுவ முடியாது. குறைந்தது மூன்று தடவை, ஆறு வாரம் வரை முயல வேண்டும். பெயரைக் கேட்பவர், தன் கொப்பியில் திட்டத்தை உண்மையில் மேம்படுத்தியிருப்பதையும், வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் சரிவராது என்பதையும் காட்ட வேண்டும்.

பல ஓபன் சோர்ஸ் திட்டங்களுக்கு வீடாக இருக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் அளவுகோல் இன்னும் எளிது. அங்கே ஒரு பதிப்பை வெளியிட, திட்டக் குழுவில் மூன்று பேராவது ஆம் என்று வாக்களிக்க வேண்டும். மூன்று வாக்குக்கூடத் தேறாத திட்டம், ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டது என்று கணக்கு. எனக்கு இந்த விதி பிடிக்கும். கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போட்ட நட்சத்திரம் எத்தனை, தரவிறக்கம் எத்தனை என்று பார்க்காமல், நாளைக்கு ஓர் ஓட்டை வெளிப்பட்டால் திருத்தப் பதிப்பை வெளியிடப் போதிய ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்கிறது.

இதுவரை பார்த்தது: தரை நகர்கிறதா என்று பாருங்கள், திறப்புக்காரர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் தெரிந்தால் அடுத்த முடிவு பெரும்பாலும் தானாகவே வரும்.

## எழுதியவர் முன் உள்ள வழிகள்

மிக இலகுவானது, ஆனால் மிகக் குறைவாகச் செய்யப்படுவது, வாயைத் திறந்து சொல்வது. ரெப்போவின் முகப்புப் பக்கத்தில் நாலு வரி எழுதினால் போதும். கூச்சம்தான் தடுக்கிறது, அடுத்த மாதம் நேரம் கிடைக்கும் என்ற நினைப்பும் தடுக்கிறது. அடுத்த மாதம் வராது.

அதற்கு அடுத்தபடி, ஆவணப்படுத்தி மூடுவது. கிட்ஹப்பில் ரெப்போவை ஆர்கைவ் செய்தால் அது வாசிக்க மட்டும் ஆகிவிடும். நிரல் இருக்கும், வரலாறு இருக்கும், கொப்பி எடுக்கலாம். புதிய முறைப்பாடு போட முடியாது, மாற்றம் அனுப்ப முடியாது. மனம் மாறினால் திரும்பத் திறக்கவும் முடியும். அப்பாச்சி 2008 இல் இதற்கென்றே அட்டிக் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கியது. ஓய்வுபெற்ற திட்டங்களின் நிரலும் இணையப் பக்கமும் பழைய பதிப்புகளும், இது முடிந்துவிட்டது என்ற பலகையோடு அங்கே பத்திரமாக இருக்கும். கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2013 இல் அப்பாச்சிக்குக் கொடுத்த ஸ்ட்ராட்டோஸும் இன்று அட்டிக்கில்தான் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லேபல் ஒட்டி அடுக்கி வைத்த பெட்டி அது.

கைமாற்றிக் கொடுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஆனால் அதிகம் யோசிக்க வேண்டியதும் அதுதான். 2018 இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்துக்கு நடந்தது பலருக்குத் தெரியும். வாரத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் தரவிறக்கம் ஆகும் நூலகம்; எழுதியவருக்கோ அதில் ஈடுபாடு போய்ப் பல வருடம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார், கொடுத்துவிட்டார். புதியவர் ஒரு டிபென்டன்சியைச் சேர்த்தார். அதற்குள் ஒரு குறிப்பிட்ட பிட்கொயின் பணப்பையைத் திருடும் நிரல் ஒளிந்திருந்தது.

எக்ஸ்இசட் விவகாரம் இதைவிட நிதானமாக நடந்தது. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் எங்கும் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி அது, பராமரித்தவர் ஒரே ஆள். 2021 இலிருந்து ஒருவர் நல்ல பிள்ளையாக உதவத் தொடங்கினார். 2022 இல் வேறு பெயர்களில் சிலர் வந்து, வேலை தாமதமாகிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேருங்கள் என்று நெருக்கினார்கள். களைத்துப்போயிருந்தவர் சேர்த்துக்கொண்டார். 2024 இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் இரகசியமாக உள்ளே வர ஒளித்துவைத்த பின்கதவு இருந்தது. மைக்ரோசொஃப்டில் வேலை செய்யும் அந்திரெஸ் ஃபிராயிண்ட், தொலை உள்நுழைவு வழக்கத்தை விட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்திராவிட்டால் அது உலகம் முழுக்கப் பரவியிருக்கும். மார்ச் 29 அன்று அவர் அதை வெளிப்படுத்தினார்.

இவற்றைச் சொல்வது யாரையும் நம்பாதீர்கள் என்பதற்காக இல்லை. நேரம் எடுங்கள் என்பதற்காக. புதியவரின் பழைய வேலைகளைப் பாருங்கள், முதலில் மாற்றங்களை அனுப்ப மட்டும் விடுங்கள், வெளியீட்டுக் கணக்கைக் கடைசியாகக் கொடுங்கள். முடிந்தால் தனி ஆளிடம் கொடுக்காமல் குழுவிடமோ அறக்கட்டளையிடமோ கொடுங்கள். பொருத்தமான ஆள் கிடைக்கவில்லையென்றால், தெரியாதவர் கையில் திறப்பைத் திணிப்பதை விட மூடி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. தொடர விரும்புபவர் கொப்பி எடுத்து வேறு பெயரில் தொடரட்டும்.

அழித்துவிடுவது கடைசி வழிகூட இல்லை. 2016 மார்ச்சில் ஒருவர் கோபத்தில் தன் நூலகங்களைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பாட், பதினொரு வரி. சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதுதான் அதன் வேலை. அதை நம்பியிருந்தவற்றை நம்பியிருந்தவை என்று சங்கிலி நீண்டு, பெரிய பெரிய திட்டங்களும் அன்று நின்றுபோயின. களஞ்சியமே தலையிட்டு அதைத் திரும்ப வைத்தது.

## நம்பியிருப்பவர் முன் உள்ள வழிகள்

இப்போது கொப்பி விஷயம். ஒரு திட்டத்தின் முழு நிரலையும் எடுத்துக்கொண்டு போய்த் தனியாகத் தொடர்வது ஃபோர்க். உரிமம் அனுமதிப்பதால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பழைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பலருக்குத் தெரிந்த ஃபோர்க், அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ். ஓபன் ஒஃபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010 இல் ஒரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் என்னாகுமோ என்று பயந்த பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டெம்பரில் நிரலோடு வெளியேறி, புதிய அறக்கட்டளை ஒன்றை அறிவித்தார்கள். ஒரக்கிள் பழையதை 2011 இல் அப்பாச்சியிடம் கொடுத்தது. பழைய பெயர் இன்னமும் இருக்கிறது. வேலை பெரும்பாலும் புதிய பெயரின் கீழ் நடக்கிறது.

ஆனால் அது பெரும் படையோடு போன ஃபோர்க். உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து எடுக்கும் ஃபோர்க் வேறு கதை. கொப்பி எடுப்பது ஒரு சொடுக்கு. அன்றைக்கே நீங்கள் அதன் பராமரிப்பாளர் ஆகிவிட்டீர்கள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்களும் அதைக் கவனிக்காமல் விட்டால், ஓய்ந்த திட்டங்கள் இரண்டாகிவிடும்.

அதனால் ஃபோர்க்குக்கு முன் செய்யக்கூடியவற்றைப் பாருங்கள். பராமரிப்பாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். எப்போது சரியாகும் என்று அதட்டாமல், எங்களுக்கு இது தேவை, இந்த மாற்றத்தை நாங்களே செய்து தரலாமா என்று கேளுங்கள். உங்கள் நிறுவனம் அதை வைத்துக் காசு உழைக்கிறதென்றால் காசாகவும் உதவலாம். 2014 இல், இணையத் தொடர்புகளைப் பிறர் வாசிக்க முடியாமல் மறைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோதுதான், உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டொலர் மட்டுமே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்று ஊருக்குத் தெரிந்தது.

பதிலே வராவிட்டால், அந்த நிரல் எந்த வகை என்று பாருங்கள். பாமினி மாற்றி போன்றதா? உங்கள் ரெப்போவுக்குள் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். உள்நுழைவையும் கடவுச்சொல்லையும் கையாள்வதா? மாற்று ஒன்றுக்கு நகரும் வேலையை இந்தக் காலாண்டிலேயே தொடங்குங்கள். சில சமயம் நிரலை விட்டுவிட்டு யோசனையை மட்டும் எடுத்துப் போவதும் நடக்கும். சஹானாவின் முதல் நிரல் பிஎச்பி என்ற நிரல் மொழியில் இருந்தது. பின்னர் ஈடன் என்ற பெயரில் பைதனில் புதிதாகவே எழுதினார்கள்.

## அறிவித்தலை எப்படி எழுதுவது?

கடைசி வருடத் திட்டத்தை ரெப்போவில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்ட மாணவர்களுக்கு இந்தப் பகுதி. மாற்றி ஒன்றை எழுதியவர் இப்படி எழுதலாம்:

"2025 மார்ச்சுக்குப் பிறகு இதை நான் பராமரிக்கவில்லை. கடைசிப் பதிப்பு பைதன் 3.11 இல் சோதித்தது. பாமினி அட்டவணை முழுமையானது, தாராளமாக எடுத்துப் பாவிக்கலாம். இணையத்தில் திறந்து வைக்கும் பகுதி பாதுகாப்புக்காகச் சோதிக்கப்படவில்லை, அதைப் பாவிக்க வேண்டாம். பிழைகள் இனித் திருத்தப்படமாட்டா. தொடர விரும்புபவர் வேறு பெயரில் தொடருங்கள். தெரியப்படுத்தினால் இங்கே இணைப்புத் தருவேன்."

திகதி, சோதித்த சூழல், நம்பக்கூடிய பகுதி, நம்பக்கூடாத பகுதி எல்லாம் இதில் இருக்கின்றன. ஏன் நிறுத்தினேன் என்ற கதை தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை. உரிமக் கோப்பு இல்லாமல் விட்டிருந்தால் இப்போதே சேருங்கள். உரிமம் இல்லாத நிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும், சட்டப்படி யாரும் எடுத்துத் தொடர முடியாது.

வேலைகளின் ஒழுங்கும் முக்கியம். முதலில் அறிவித்தலையும் உரிமத்தையும் ஏற்றுங்கள், திறந்திருக்கும் முறைப்பாடுகளுக்கு ஒரு வரி பதில் எழுதி மூடுங்கள், பொதிக் களஞ்சியத்தில் உங்கள் கணக்கை இன்னமும் உயிரோடு இருக்கும் மின்னஞ்சலுக்கு மாற்றி இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்புறம்தான் ஆர்கைவ் பொத்தான். அதை முதலில் அழுத்திவிட்டால் ரெப்போ வாசிக்க மட்டும் ஆகிவிடும், அறிவித்தலை ஏற்றத் திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும்.